பிரதீபா கேட்ட பூ

சடையம்வலசில் பொன்னாச்சியம்மனிடம் பூக் கேட்காமல் யாரும் ஒரு கிணற்றுக்குக் கடப்பாரை போட்டதில்லை, ஒரு பெண்ணுக்குத் தாலி வாங்கியதில்லை, ஒரு லாரிக்கு முன்பணம் கட்டியதில்லை. அப்படிக் கேட்காமல் செய்தவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதை அந்த ஊரில் எந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்கள். பூக் கேட்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அம்மனின் வலது தோளில் ஒரு வெள்ளரளி, இடது தோளில் ஒரு செவ்வரளி, இரண்டையும் தண்ணீரில் நனைத்துப் பூசாரி ஒட்டி வைப்பார். கேட்க வந்தவர் வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு கைகூப்பி நிற்க வேண்டும். எது முதலில் விழுகிறதோ அதுதான் உத்தரவு. சிலருக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் விழும், சிலருக்கு உச்சிப்பொழுது ஆகிவிடும், அதுவரைக்கும் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் நிற்க வேண்டியதுதான். சட்டம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று: ஒருவர் வைத்த பூ விழாமல் அடுத்தவர் வைக்கக் கூடாது. அம்மனுக்கு ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான்.

கோழிப்பண்ணை நாச்சிமுத்துவின் ஒரே மகள் பிரதீபாவுக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும் அவள் வைத்த பூவுக்காகப் பங்குனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஊரே காத்துக் கிடந்தது. பாவம், அவளும்தான் கிடந்தாள்.

பிரதீபா கெட்டிக்காரி. வடக்கே எங்கேயோ பெயர்பெற்ற கல்லூரியில் இடம் பிடித்து மேலாண்மை படித்தாள். படிப்பு முடியப்போகிற நேரத்தில், மகளுக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் வேலை என்று நாச்சிமுத்து முட்டை ஏற்ற வந்த வண்டிக்காரர்கள் வரைக்கும் சொல்லிவைத்தார். விடுமுறைக்கு வந்தவளைக் கோயில் வாசலில் நிறுத்தி, "உங்க பேங்குல நகைக்குக் கிராமுக்கு எவ்வளவு குடுப்பாங்க கண்ணு?" என்று கேட்டார்கள். அவள் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். "இது அந்த பேங்க் இல்லீங்க. ஒரு கம்பெனியை விக்கறவருக்கும் வாங்கறவருக்கும் நடுவுல நின்னு, வெலை பேசி முடிச்சுக் குடுக்கறதுங்க."

"அட, மாட்டுத் தரகு," என்றார் பூசாரி ஆண்டமுத்து. அவ்வளவுதான், ஊருக்குப் புரிந்துபோயிற்று.

பிரதீபா சிரித்தாள், ஆனால் மனசுக்குள் அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் முந்தின வருஷக் கோடையில் வேலை பழகுவதற்காகச் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்துக்குப் போயிருந்தாள். மொத்தமே ஒரு மாடி, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஆட்கள், நடத்துகிறவர் வத்சலா மேடம் என்று நரைத்த தலையைச் சாயம் பூசாமல் விட்ட அம்மாள். அங்கே காங்கேயம் பக்கத்து எண்ணெய் மில்காரர் ஒருவர் தன் மில்லை விற்க வந்தார். வந்தவர் விலையை மட்டும் வாயால் சொல்ல மாட்டேன் என்று மத்தியானம் வரைக்கும் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்க வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பிரதீபா எழுந்து போய், "ஏனுங், துண்டைக் குடுங்க," என்று அவர் தோளிலிருந்த துண்டை வாங்கித் தன் கைமேலும் அவர் கைமேலும் போட்டாள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி அவர் அவள் விரல்களைப் பிடித்தார். வாயில் வராத விலை விரலில் வந்தது. அன்றைக்குப் பொழுதோடு மில் கைமாறியது. "படிப்ப முடிச்சுட்டு நேரா இங்க வந்துடு. வந்த வாரமே உன்னை ஆள் முன்னாடி உக்கார வெக்கிறேன்," என்றார் வத்சலா மேடம். பிரதீபா அன்றிரவு தூங்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிறகு மும்பைக்காரர்கள் வந்தார்கள். உலகத்தில் பாதி நாடுகளில் அலுவலகம் இருக்கிற வங்கி அது. அந்தப் பெயரைக் கேட்டால் கூடப் படித்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவளுடைய வகுப்பில் ஒரே ஒருத்தியைத்தான் எடுத்தார்கள், அது இவள்தான். சம்பளத்தைக் கேட்ட நாச்சிமுத்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மாசத்துக்கா வருஷத்துக்கா என்று இரண்டு தடவை கேட்டார். அந்த வேலையில் முதல் இரண்டு வருஷம் ஆள் முகத்தையே பார்க்க முடியாது, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பெரியவர்கள் காட்டப்போகிற பக்கங்களைத் தயார் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர்! அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு தடவை நடந்துவிட்டால் பிறகு எந்தக் கதவும் திறக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

சென்னைக்குச் சரி என்று எழுதினாள். மும்பைக்கும் சரி என்று எழுதினாள். இதில் அவளை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, அந்தப் படிப்புப் படித்தவர்கள் பல பேர் அப்படித்தான், ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு இன்னொன்றையும் கையில் பிடித்து வைத்திருப்பார்கள், கடைசி நேரத்தில் ஒன்றை விட்டுவிடுவார்கள். இவள் எதை விடுவது என்று நினைத்தாலும் உடனே அதுதான் வேண்டும் என்று தோன்றியது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கடைசியில், அம்மன் சொல்லட்டும் என்று பங்குனி மாசத்து வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

அங்கே அவளுக்கு முன்னால் கனகமணி நின்றுகொண்டிருந்தாள்.

கனகமணி பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள், பிரதீபாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். பிரதீபா நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போன கருநீலக் கோட்டை இடுப்பில் பிடித்து, தோளில் இறக்கி, அவளுக்கென்றே பிறந்த மாதிரி ஆக்கிக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்குச் சின்ன வயதில் ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தியதில் பூக் கேட்காமலே நடந்த கல்யாணம். அவன் அடுத்த ஆடிக்குள் வேறொருத்தியோடு போய்விட்டான். இப்போது அங்கமுத்து என்று ஒரு லாரிக்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர், நல்ல மனுஷர், முறையாக ஆள்விட்டுக் கேட்டிருந்தார். கனகமணிக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததனாலேயே பயமாகவும் இருந்தது. "இந்தத் தடவை பூக் கேக்காம ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, வாழையிலையில் இரண்டு அரளியை மடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

பிரதீபாவைப் பார்த்ததும் அவள் ஒதுங்கி நின்றாள். "நீ முதல்ல கேட்டுட்டுப் போ கண்ணு. உனக்கு ரயிலுக்கு நேரமாச்சாட்ட. எனக்கென்ன அவசரம்?"

"இருக்கட்டுங்கக்கா, நீங்க கேளுங்க."

"அட போ. இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் சித்தெ நேரம் பொறுக்க முடியாதா?"

ஆண்டமுத்து பூக்களை நனைத்து ஒட்டினார். "நெனச்சுக்க அம்மிணி," என்றார். பிரதீபா கண்ணை மூடினாள். வெள்ளை மும்பை, சிவப்பு சென்னை என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், வலப்பக்கத்துப் பூதான் பெரும்பாலும் முதலில் விழும் என்று ஊரில் பேசிக்கொள்வது ஞாபகம் வந்து, அப்படியென்றால் சென்னை போய்விடுமே என்று வெள்ளை சென்னை, சிவப்பு மும்பை என்று மாற்றினாள். மாற்றியதும் மும்பை போய்விடுமே என்று திரும்ப மாற்றினாள். இப்படி அம்மன் முன்னால் நின்றுகொண்டே அவள் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்க, இரண்டு பூக்களும் ஒரே நேரத்தில் தோளைவிட்டு வழுக்கி, அம்மனின் முழங்கால் உயரம் வரைக்கும் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டன. பீடத்திலும் படவில்லை, தரையிலும் படவில்லை. ஒரு சாண் இடைவெளியில் பக்கம் பக்கமாக, காம்பு கீழே, இதழ் மேலே, வெறும் காற்றில்.

ஆண்டமுத்து குனிந்து பார்த்தார். "நிக்குது," என்றார். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "எதுக்கு எதை நெனச்சே?" என்று கேட்டார்.

பிரதீபாவுக்கு உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "வெள்ளை மும்பைங்க, செவப்பு சென்னைங்க."

"சரி. அப்ப அதுதான் கணக்கு. விழுகற வரைக்கும் பொறுத்திருக்கோணும்." திரும்பிக் கனகமணியைப் பார்த்து, "நீ பொழுதோட வா கனகு," என்றார்.

பொழுது சாய்ந்தும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. ஊர் முதலில் நடைமுறைச் சிக்கல்களைத்தான் பேசியது. அபிஷேகத் தண்ணீர் பூமேல் பட்டால் விழுந்துவிடுமா, விழுந்தால் அது உத்தரவா, இல்லை தண்ணீர் தள்ளியதா என்று ஒரு பஞ்சாயத்து நடந்து, அபிஷேகத்தின்போது பூக்களுக்குக் குடை பிடிப்பது என்று முடிவாயிற்று. கருவறை மின்விசிறியை நிறுத்தினார்கள், ஆண்டமுத்துவுக்கு வியர்த்து ஊற்றியது. ஒருநாள் புயல்காற்று அடித்துக் கோயில் வேப்பமரத்தில் பாதி சாய்ந்தது, பூக்கள் ஆடக்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு மின்விசிறியைப் போட்டுக்கொண்டார்கள். வாத்தியார் ஒருவர் ஒரு நூலை எடுத்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து ஒன்றும் தட்டுப்படவில்லை என்று அறிவித்தார், அது எங்களுக்கே தெரியுமே என்று கூட்டம் கலைந்தது. இறைச்சிக்கடைச் சின்னப்பன் குடித்துவிட்டு வந்து வெள்ளைப் பூவைப் பிடித்துக் கீழே இழுத்தான். கல்லில் பதித்த ஆணியை இழுப்பதுபோல இருந்தது என்று சொல்லிவிட்டுத் தோள்பட்டை வலிக்குத் தைலம் வாங்கப் போனான். வாரங்கள் போயின. பூக்கள் அன்றைக்குப் பறித்த மாதிரியே இருந்தன.

பிறகு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பேருந்து நிறுத்தம் கோயில் வாசலுக்கு நகர்ந்தது. பிள்ளையில்லாதவர்கள் பூவுக்கடியில் கை நீட்டி நின்றார்கள். தேங்காய்க் கடை இரண்டு, டீக்கடை ஒன்று புதிதாக முளைத்தன. கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கட்டிய கயிற்றை ஆண்டமுத்து வேஷ்டி காயப்போடவும் பயன்படுத்திக்கொண்டார். யாராவது எதற்காவது பதில் சொல்லாமல் மழுப்பினால், "ஏன், உன்ற பூவும் நிக்குதா?" என்று கேட்பது ஊரில் வழக்கமாகிவிட்டது.

ஆனால் பூக் கேட்க வேண்டியவர்கள் நிலைமை வேறு. மேலத்தோட்டத்தார் கிணறு வெட்டுவதை நிறுத்தி வைத்தார்கள். பங்கு பிரிக்க வேண்டும் என்று ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்த அண்ணன் தம்பிகள் இருவர், உத்தரவு வருகிற வரைக்கும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்ன வேண்டியதாயிற்று. முதல் மாசம் முறைத்துக்கொண்டே தின்றார்கள், இரண்டாவது மாசம் குழம்பில் உப்பில்லை என்று பேசிக்கொண்டார்கள், ஆடியில் இருவரும் ஒரே வண்டியில் சந்தைக்குப் போனதை ஊரே பார்த்தது. முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகம் ஊருக்குப் பழகிப்போயிற்று. கேட்டால், "நம்ம கையில என்ன இருக்குது? நாச்சிமுத்து மவ பூ விழுகோணுமல்ல," என்றார்கள். கனகமணிக்கு மட்டும் பழகவில்லை.

பிரதீபா இரண்டு பக்கத்துக்கும் விஷயத்தைச் சொன்னாள். மும்பை வங்கியில் ஆட்களைச் சேர்க்கிற பிரிவிலிருந்த பெண் அலட்டிக்கொள்ளவில்லை. தேனிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு நேர்ந்துவிட்ட கெடா தண்ணீர் தெளித்தும் உத்தரவாக இன்னும் தலையைச் சிலுப்பவில்லையாம், அவனும் சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டே காத்திருக்கிறான், நீயும் அப்படியே செய் என்றாள். வத்சலா மேடம், "எங்க வீட்டுலயும் பல்லி சொல்லணும்னு உக்காந்திருப்பாங்கம்மா. சரி, பாப்போம். ஆனா ரொம்ப நாள் இடத்தைக் காலியா வெச்சிருக்க முடியாது," என்றார்.

ஆனி பிறந்ததும் பிரதீபா மும்பைக்குப் போய்ச் சேர்ந்தாள். கண்ணாடிக் கட்டிடம், கழுத்தில் பெயர்ப் பட்டை, கடல் தெரிகிற ஜன்னல். அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு நிறுவனங்களின் சின்னங்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, எல்லாப் பக்கங்களிலும் எழுத்து ஒரே அளவா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. எந்தக் கம்பெனியை யார் வாங்குகிறார்கள் என்பதே சில நாள் அவளுக்குத் தெரியாது. விற்கிறவர் முகம் எப்படி இருக்கும், துண்டு போட்டிருப்பாரா, விலையைச் சொல்லும்போது குரல் கம்முமா என்று யோசித்துக்கொண்டே பக்கங்களைத் திருப்புவாள். ஆனாலும் காலையில் அந்தக் கட்டிடத்துக்குள் நுழையும்போது வெளியே நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது அவளுக்கு வேண்டியிருந்தது. வேண்டியிருந்தது என்பதில் அவளுக்கே வருத்தம்தான், ஆனால் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுக்குப் போன் செய்வாள். "ஏனுங்கப்பா, விழுந்துருச்சுங்களா?"

"இல்ல சாமி. நிக்குது."

அங்கமுத்து லாரியோடு அந்த வழி போகும்போதெல்லாம் இறங்கிக் கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பார். பூக்களை ஒருமுறை, ஆண்டமுத்துவை ஒருமுறை பார்ப்பார். "இன்னும் நிக்குதுங்களா?" என்பார். ஒரு டீ குடித்துவிட்டு, தையல் கடைப் பக்கம் பார்க்காமலே பார்த்துக்கொண்டு வண்டியை எடுப்பார். பூவெல்லாம் கேட்காமல் கட்டிக்கொண்டால் என்ன என்று அவர் ஆள்விட்டும் கேட்டார். கனகமணி அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்திருப்பாள் போல, காலையில் கண் சிவந்திருந்தது. "இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதுங்க, ஒரு வார்த்தை அம்மன் சொல்லட்டும்," என்று சொல்லி அனுப்பினாள். அவளைப் பிடிவாதக்காரி என்றவர்களும் உண்டு. சூடு கண்ட பூனை என்ன செய்யும்?

ஆவணியில் ஒருநாள் அவளே மும்பைக்குப் போன் செய்தாள். பிரதீபா அலுவலகப் படிக்கட்டில் வந்து நின்று பேசினாள்.

"நல்லாருக்கியா கண்ணு? வேலையெல்லாம் எப்படி?"

"நல்லாருக்கேங்கக்கா."

"ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதே. அந்தப் பூ உன்ற மனசுலதான் நிக்குதுன்னு எனக்குத் தோணுது. எதோ ஒண்ணை வேணும்னு நெனச்சுப் பாரேன். எதுன்னாலும் சரி. மும்பையே வேணும்னு நெனச்சுக்க, அங்கதானே இருக்கறே."

"நெனச்சுப் பாக்கறேங்கக்கா."

"அவரு ரெண்டாவது பையனுக்குக் காய்ச்சலாம். பாத்துக்க ஆளில்லைன்னு அவங்கம்மா சொல்றாங்களாம். அவரு பொறுக்கறாரு, அவங்கம்மா பொறுக்க மாட்டாங்களாட்ட." என்றவள் உடனே சேர்த்துக்கொண்டாள், "உனக்கு வெசனம் குடுக்கோணும்னு சொல்லல."

பிரதீபா நினைத்துப் பார்க்கத்தான் செய்தாள். அந்தப் படிக்கட்டிலேயே கண்ணை மூடி, மும்பை, மும்பை என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிப் பார்த்தாள். மில்காரர் விரல் வந்து நின்றது. சரி, சென்னை என்று சொல்லிப் பார்த்தாள். கழுத்திலிருந்த பெயர்ப் பட்டை கையில் தட்டுப்பட்டது, அதைக் கழற்றி வைக்க மனசு வரவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை நம் மனசு ஒரு பக்கம் சாய்வதில் இருக்கிறது என்று தெரிந்தும் சாய முடியவில்லையே என்று தன்னையே வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே மேலே போய், எழுத்து அளவைச் சரிபார்த்தாள். வத்சலா மேடத்துக்கு, இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று எழுதினாள்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் அங்கமுத்துவுக்கு ராசிபுரத்துப் பக்கம் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். அவர் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வந்து, தையல் கடைக்குள் முதன்முறையாக ஏறி, "என்னை மன்னிச்சுக்கோணும்," என்றாராம். "உங்க மேல என்னங்க தப்பு? புள்ளைங்களப் பாத்துக்கங்க," என்றாளாம் கனகமணி. காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்பது பழைய பேச்சு, இங்கே காத்திருந்தவள் புருஷனை என்று திருப்பிச் சொல்லி ஊர் உச்சுக்கொட்டியது. கனகமணி அழவில்லை. தீபாவளித் துணி தைக்க வேண்டியது மலையாகக் கிடந்தது, அதைத் தைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் மும்பையில் பிரதீபா மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது வத்சலா மேடம் அழைத்தார்.

"பிரதீபா, வேற ஒரு பையனை எடுத்துட்டேன்மா. இன்னைக்குச் சேர்ந்துட்டான். நேர்ல சொல்ற மாதிரி சொல்லணும்னுதான் போன் பண்றேன்."

"மேடம், நான் இந்த வாரம்..."

"உன் மேல கோவம் இல்லம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு நீ துண்டைப் போட்டப்ப ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அந்தப் பொண்ணுதான் எனக்கு வேணும்னு நெனச்சேன்."

போன் வைக்கப்பட்டதும் பிரதீபாவுக்கு, சென்னைதான் வேண்டும், முதலிலிருந்தே சென்னைதான் வேண்டியிருந்தது என்று அப்போது தெரிந்தது. எந்தச் சந்தேகமும் இல்லாமல், தண்ணீர் தாகம் மாதிரி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டேனே என்று வாய்விட்டுச் சொல்லி, மொழி தெரியாதவர்கள் நடுவில் நின்று அழுதாள்.

அந்த நேரத்தில் சடையம்வலசில் உச்சிக்கால பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்த ஆண்டமுத்து, செவ்வரளி கீழே கிடப்பதைப் பார்த்தார். வெள்ளைப் பூ இன்னும் கொஞ்ச நேரம் தனியாக நின்று, ஒரேயடியாக வாடி, அதுவும் உதிர்ந்தது. அவர் இரண்டையும் பொறுக்கித் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து, "விழுந்துருச்சு. வரிசையில வாங்க," என்றார்.

கூட்டம் அப்படியே எழுந்து வந்தது. ஆனால் முதல் முறை கனகமணியுடையது என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் முந்தவில்லை, ஆளனுப்பி அவளை வரவழைத்தார்கள். அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வந்து நின்று அம்மனைக் கும்பிட்டாள். ஆண்டமுத்து பூவை நனைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "நெனச்சுக்க கனகு," என்றார்.

"எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. பின்னாடி இருக்கறவங்க கேக்கட்டும்."

அன்றைக்கும் மறுநாளும் பூக்கள் மளமளவென்று விழுந்தன. மேலத்தோட்டத்தில் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு பிரிக்கச் சொல்லி உத்தரவாயிற்று, இருவரும் கேட்டுவிட்டு வெளியே வந்து திகைத்து நின்றார்கள், பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். புதிதாக முளைத்த டீக்கடையை எடுத்துவிட்டார்கள். பேருந்து பழையபடி பழைய இடத்திலேயே நின்றது.

தீபாவளிக்கு வந்த பிரதீபா, பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேராகத் தையல் கடைக்குப் போனாள். ரயிலில் வரும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். கனகமணி திட்டுவாள், திட்டட்டும், காலில் விழுந்துவிடலாம், இரண்டு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு கொஞ்சம் தூங்கலாம் என்று நினைத்திருந்தாள். கனகமணி ஒரு பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, ஸ்டூலிலிருந்த துணியை எடுத்துவிட்டு, "உக்காரு கண்ணு," என்றாள். "எளைச்சுப் போயிட்டயே. சாப்புடறதில்லையா?"

"அக்கா, நான்..."

"செவப்பு விழுந்துச்சுன்னு சொன்னாங்க. அப்பச் சென்னைக்கு எப்பப் போறே?"

பிரதீபா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்கக்கா. அங்க வேற ஆள் போட்டுட்டாங்க."

"திருப்பிக் கேட்டுப் பாத்தயா?"

"பாத்தேங்க. இடமில்லைன்னுட்டாங்க. லீவு முடிஞ்சதும் மும்பைக்கேதான் போகோணும்."

கனகமணி மிதிப்பதை நிறுத்தினாள். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் பிரதீபாவையே வெகுநேரம் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் பிரதீபாவால் அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியும்.

"அவரு கல்யாணம் முடிஞ்சதுலருந்து ஒண்ணே ஒண்ணைச் சொல்லித்தான் நான் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன்," என்றாள். "எனக்கு இல்லீன்னாலும், நீ கேட்டதாவது உனக்குக் கெடைக்கும்னு. அதுக்காகத்தான் நான் ஒதுங்கி நின்னேன்னு வெச்சுக்குவோம்னு. அதுவும் இல்லீங்கறயே கண்ணு."

சொல்லிவிட்டு, அங்கமுத்து கல்யாணத்தன்றுகூட அழாத கனகமணி, தைத்துக்கொண்டிருந்த பாவாடையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.